கிழக்கைப் பார்க்காத பெட்டி

என் அண்ணி குழி வெட்டுகிறவள். இதைச் சொன்னதும் ஆட்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். நகரட்டும். எங்கள் சபையில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடைசியில் அவள் வெட்டி வைத்த குழிக்குள்தான் போய்ப் படுக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் மலர் வளையம் கட்டி விற்கிறேன். உள்ளே அவள், வெளியே நான். சாவு வீட்டுக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போக முடியாது.

அவளுக்குப் பலகைக்காரி என்று இன்னொரு பெயரும் உண்டு. இடுப்பளவு ஆழம் போய்விட்டால் அதற்குமேல் பலகை இல்லாமல் வேலை செய்ய மாட்டாள். மண் கல்லாக இறுகிக் கிடக்கும் வெயில் காலத்திலும் குழியின் இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவில் கட்டை கொடுத்து முட்டி, உள்ளங்கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவாள். யாராவது அவசரப்படுத்தினால் குழிக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்ப்பாள். "பெட்டியில இருக்கறவருக்கே அவசரம் இல்ல. உங்களுக்கு என்ன?" என்பாள்.

இந்தப் பலகைக்குக் காரணம் என் அண்ணன். அவளுக்கு முன்னால் அங்கே குழி வெட்டியவன் அவன்தான். தோட்டத்தில் இடம் போதவில்லை என்று சபைக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் குடும்பத்துக்கு ஒரே குழி, ஆழமாக, ஒருவர்மேல் ஒருவராக. கமிட்டி எடுத்தது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். எடுத்தவர் செயலாளர். சிமெண்ட் கடை முதலாளி. போதகர் ஜெபத்தை முடிப்பதற்கு ஒரு வார்த்தை முன்பாகவே சத்தமாக ஆமென் சொல்லிவிடுவார். அதனால் பின்வரிசையில் அவருக்கு ஆமென்காரர் என்று பெயர். கடவுளே கொஞ்சம் பொறுத்துத்தான் முடிக்க வேண்டியிருக்கும் என்று என் அண்ணன் கிண்டல் செய்வான்.

அப்படி ஒரு ஆழமான குழியை வெட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாதிக் குழியில் அண்ணன் மேலே ஏறி வந்துவிட்டான். ஆமென்காரர் குடைக்குக் கீழே நின்றார். குடையைப் பிடித்திருந்தது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன். நான் வாசலில் பூக்களை மூடிக்கொண்டிருந்தேன். பேச்சு மொத்தமும் எனக்குக் கேட்டது.

"ஐயா, மண்ணு ஊறிப் போய்க் கிடக்கு. முட்டுப் பலகை கொடுத்தா இறங்கறேன். இல்லன்னா நாளைக்கு வெட்டித் தர்றேன்."

"பலகையெல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம். நாலு மணிக்கு அடக்கம். ஊரே வந்து நிக்கும். இறங்குப்பா."

இறங்கினான். கிழக்குச் சுவர் அப்படியே சரிந்து அவன்மேல் விழுந்தது. வெறும் கையாலும் வாளியாலும் அள்ளி அள்ளி அவனை வெளியே எடுத்தபோது வாய் நிறைய மண் இருந்தது.

அதுகூட விபத்து என்று ஒரு நாள் மனது ஆறியிருக்கலாம். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் ஆமென்காரர் சொன்னார்: "குடிச்சிருந்தான் சார். இறங்காதன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல." கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் குடித்ததுண்டு. ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை என்பது வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டதைச் சொன்னேன். தங்கச்சி அப்படித்தான் சொல்லுவாள் என்று எழுதாமல் விட்டார்கள். பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது. அவனுடைய அடக்க ஆராதனையில் அன்றைய போதகர் குடியின் தீமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டே. முடிவில் எல்லோருக்கும் முன்னால் ஒரு குரல் ஆமென் என்றது.

அவனுக்குக் குழி வெட்ட ஆள் யாரும் வரவில்லை. அந்த மண்ணில் இறங்க எல்லோருக்கும் பயம். அண்ணி வீட்டுக்குப் போனாள், கட்டிலைக் கழற்றினாள், பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். புருஷனுடைய குழியை அவளே வெட்டினாள். நான் மேலே நின்று மண் வாளியை இழுத்தேன். நான் அழுதேன், அவள் அழவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. இன்றைக்கும் தரையில்தான் படுக்கிறாள்.

அடுத்த மாதம் அவளுக்கே அந்த வேலையைக் கமிட்டி கொடுத்தது. விதவைக்குச் சபை காட்டும் கருணை என்று ஆமென்காரர் எழுந்து நின்று அறிவித்தார்.

"வெட்கமா இல்லையா அண்ணி? அந்த ஆள் கொடுக்கற வேலையை வாங்கிக்கணுமா?" என்று கத்தினேன்.

"அவரும் ஒரு நாள் இங்கதானே வரணும்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். மகளைப் படிக்க வைத்தாள், நர்ஸ் வேலைக்கு அனுப்பினாள், கட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண் போனில் கூப்பிட்டு, "அம்மா, அந்த வேலையை விட்டுட்டு எங்கூட வந்துடு" என்று கெஞ்சுவாள். "ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று அண்ணி வைத்துவிடுவாள்.

வேதத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அன்பைப் பற்றிய அதிகாரம் பிடிக்கும். என் அண்ணிக்குப் பிடித்தது கடைசிப் புத்தகம். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்துக்குக் கீழே இருந்துகொண்டு, எங்கள் இரத்தத்துக்கு எப்போது நியாயம் கேட்பீர், இன்னும் எவ்வளவு காலம் என்று ஆண்டவரிடம் முறையிடும் இடம் ஒன்று அதில் வருகிறது. அந்தப் பக்கம் அவள் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி நைந்து போயிருக்கும். அந்தக் கூட்டத்தில் என் அண்ணனும் இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் கிழக்கைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. தலைமாட்டில் சிலுவை. ஆண்டவர் திரும்பி வரும்போது கிழக்கிலிருந்து வருவார், குழிகள் திறக்கும், எழுந்து உட்கார்ந்தால் நேராக அவர் முகத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. குழிக்குக் கயிறு பிடிக்கும்போது அண்ணி முதலில் பார்ப்பது திசையைத்தான். மற்ற அளவெல்லாம் பிறகு.

ஆமென்காரர் சாவதற்கு வருடக்கணக்கானது. சர்க்கரை, பிறகு கால், பிறகு சிறுநீரகம் என்று தவணை தவணையாகப் போனார். போவதற்கு முன் தனக்கான பெட்டியைத் தானே வரவழைத்து வைத்துக்கொண்டார். எங்கள் தச்சர் செய்கிற பெட்டி தோளில் அகலமாகவும் காலில் குறுகியும் இருக்கும். எந்தப் பக்கம் தலை என்று குழந்தைக்கும் தெரியும். இவருடையது வெளியூர்ப் பெட்டி. கண்ணாடி மாதிரி பாலிஷ், பித்தளைக் கைப்பிடி, நேரான நீள்சதுரம். இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும். ஊரில் யாருக்கும் இல்லாத பெட்டி என்று அவர் மகன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினான்.

அடக்கத்தன்று தூறல். எங்கள் வழக்கப்படி வாசல்வரைதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசலிலிருந்து குழிவரை பாதை ஒடுக்கம் என்பதால் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அண்ணிதான் தள்ளுவாள். அன்றைக்குக் கனமான பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வண்டியில் வைத்ததும் குடை தேடிக் குழிப்பக்கம் ஓடிவிட்டார்கள். வளையங்களைப் பிடித்துக்கொள்ள வண்டியோடு போனது நான் மட்டும். தண்ணீர்க் குழாய் இருக்கும் வளைவில் அவள் வண்டியை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலை இருந்த பக்கம் கால் வரும்படி வண்டியை அரைவட்டம் சுற்றினாள். எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. தலைப்பக்கம் இருந்த பெரிய பூச்சிலுவையைத் தூக்கிக் கால்பக்கம் வைத்தேன். என் வாழ்நாளில் நான் கட்டிய வளையங்களில் அவ்வளவு சந்தோஷமாகக் கையாண்டது வேறில்லை.

யாருக்கும் தெரியவில்லை. பெட்டி இறங்கியது, ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், போனார்கள். வழக்கம்போல மேற்குப் பக்கம் சிலுவை நட்டாள். அதாவது ஆமென்காரரின் காலடியில். ஆண்டவர் வருகிற நாளில் இவர் எழுந்து உட்கார்ந்தால் மூக்கு தன் சிலுவையிலேயே இடிக்கும். அதற்கு அப்பால் தெரிவது பொதுக் கழிப்பறைச் சுவர். ஆண்டவருக்கு முதுகு.

"பார்க்க முடியாம தவிக்கட்டும்" என்றாள் அண்ணி, மண்வெட்டியால் மேட்டைத் தட்டிக்கொண்டே. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று மறுநாள் சொன்னாள்.

அவர் போன பிறகு மகன் கடைக்கும் முதலாளி, சபைக்கும் செயலாளர். இதற்கிடையில் எங்களுக்கு ஒரு புதுப் போதகர் வந்தார். இளவயது, நன்றாகப் படித்தவர், குரலை உயர்த்தாமல் பேசுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கடைசிப் புத்தகத்துக்கு வகுப்பு எடுத்தார். அதற்கு முன்னால் வந்துபோன பிரசங்கிகள் ஊரில் நடக்கிற சண்டை, கொள்ளைநோய், பால் பாக்கெட்டில் விலைக்காக அச்சடித்திருக்கும் கறுப்புக் கோடு எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்துக்குள் திணித்துப் பயமுறுத்திவிட்டுப் போனவர்கள். இவர் வேறு மாதிரி சொன்னார்.

"இது முதன்முதல்ல யாருக்கு எழுதினாங்கன்னு பாருங்க. அந்தக் காலத்துல அடிபட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு. சீக்கிரம் நடக்கும்னு எழுதியிருக்கு. உங்க தலைமுறையிலயே பார்ப்பீங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். அதே மாதிரி நாற்பது வருஷத்துக்குள்ள அவரைச் சிலுவையில அறைஞ்ச அந்த நகரம் எரிஞ்சது, ஆலயம் இடிஞ்சது. இந்தப் புத்தகத்துல வர்ற கொடூர மிருகமும் அன்னைக்கு ஆண்ட ஒரு ராஜாதான். இதுல பெரும்பங்கு நடந்து முடிஞ்ச விஷயம்."

பாதிப் பேருக்கு நிம்மதியாக இருந்தது. மீதிப் பேருக்கு யாரோ வீட்டுக்குள் புகுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. என் அண்ணி அந்த மீதிப் பேரில் ஒருத்தி. வகுப்பு முடிந்து வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்தாள்.

"நடந்து முடிஞ்சதாம். அப்போ உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்லுவா? அந்த ஊர் எரிஞ்சா எனக்கென்ன? என் வீட்டுக்காரர் வாயில மண்ணைப் போட்டவன் எரியணும்."

வேதம் அறிந்தவர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நூற்றுக்கணக்கான வருடமாக வாதாடுகிறார்களாம். பூக்கட்டுகிற நான் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வது? ஆனால் ஒன்று தெரிந்தது. அவள் இத்தனை வருடம் தரையில் படுத்துத் தூங்கியது அந்த ஒரு நாளை நம்பித்தான். அது நேற்றோடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவள் கையில் எதுவும் மிஞ்சாது.

புதுப் போதகம் யாருக்குப் பிடித்ததோ இல்லையோ, ஆமென்காரர் மகனுக்கு வெல்லமாக இனித்தது. தோட்டத்தில் பெட்டிகளை வைக்கச் சிமெண்ட் அறைகள் கட்ட அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. அடுக்கடுக்காக, வடக்கு தெற்காக. அப்படி வைத்தால்தான் வரிசை அதிகம் வரும். சிமெண்ட் எந்தக் கடையிலிருந்து வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கே நின்றது இந்தக் கிழக்குதான். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவன் எழுந்தான்.

"எல்லாம் முடிஞ்சதுன்னு ஐயாவே அழகா விளக்கிட்டார். இனிமே கிழக்கைப் பார்த்துப் படுத்து யாருக்காகக் காத்திருக்கணும்?"

போதகர் குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம் தம்பி. நகரத்துக்கு வந்த தீர்ப்பு முடிஞ்சதுன்னுதான் சொன்னேன். மரிச்சவங்க எழுந்திருக்கறது இனிமேதான்னு நான் நம்பறேன்."

"அதுவும் அப்பவே முடிஞ்சதுன்னு சொல்றவங்க இருக்காங்க ஐயா. நான் படிச்சேன். எங்க அப்பா கண்ணை மூடினதுமே ஆண்டவர்கிட்ட போய்ச் சேர்ந்துட்டார். குழிக்குள்ள இருக்கறது எலும்பு. அது எந்தப் பக்கம் பார்த்தா என்ன?"

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து நின்றாள். சபைக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"நிஜமாவே எந்தப் பக்கம் பார்த்தாலும் பரவாயில்லையா தம்பி?"

"பரவாயில்லம்மா. அதெல்லாம் பழைய நம்பிக்கை."

"உங்க அப்பாவா இருந்தாலும்?"

"எங்க அப்பாவா இருந்தாலும்தான்."

"அப்போ எனக்கு நிம்மதி" என்றாள். "உங்க அப்பாவை நான் திருப்பித்தான் வெச்சிருக்கேன். தலை கிழக்கே, கால் மேற்கே. கழிப்பறைச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

அவன் முகம் வெளுத்துப்போனதை நான் ரசித்துப் பார்த்தேன். மறைக்கவில்லை, ரசித்தேன். அவன் போதகரைப் பார்த்தான்.

"ஐயா, இதை உடனே சரி பண்ணணும்" என்றான். "தோண்டி எடுத்து நேரா வைக்கணும்."

"எதுக்கு தம்பி?" என்று அண்ணி கேட்டாள். "எலும்புதானே?"

மறுநாள் போதகரை அழைத்துக்கொண்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரக் கட்டில் இல்லாததால் போதகர் தரையில் உட்கார்ந்தார். அவன் நின்றான். போதகர் சாந்தமாகத்தான் பேசினார்.

"அம்மா, பழி வாங்கறது ஆண்டவரோட வேலை. அதை நாம கையில எடுக்கலாமா?"

"அவர் வேலையை நான் செய்யல ஐயா. அவர் வரும்போது இந்த ஆளு ஓடிப் போய்க் காலைப் பிடிச்சுக்கக் கூடாதுன்னு திருப்பி வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

போதகர் சிரிப்பை அடக்கியதுபோல இருந்தது. வேறு ஆளை வைத்துத் தோண்டலாம் என்று அவன் காலையிலேயே யோசித்திருந்தான். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் எழுத வேண்டும். என் அப்பா தப்பான பக்கம் பார்க்கிறார் என்று எந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது? தோண்ட வேண்டுமானால் ஓசைப்படாமல் அண்ணிதான் தோண்ட வேண்டும்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டான்.

"அன்னைக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாரா?"

அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவர் பெட்டியை நடுவுல வெச்சுக்கிட்டு எந்த இடத்துல குடிகாரன்னு சொன்னாங்களோ, அதே இடத்துல நின்னு நடந்ததைச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

ஒரு வாரம் அவன் வரவில்லை. கடையில் உட்கார முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று அவன் மனைவி என்னிடமே வந்து அழுதாள். கண்ணை மூடினால் அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது தெரிகிறதாம். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஆறுதல் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் அவன் முன்னால் போனான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். குழி வெட்டியவர் அன்று குடித்திருக்கவில்லை, பலகை கேட்டார், அப்பா கொடுக்காமல் இறங்கச் சொன்னார், பிறகு போலீஸில் பொய் சொன்னார், தான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை என்று சொன்னான். சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தான்.

"பின்வரிசைக்குக் கேக்கல" என்றாள் அண்ணி.

இன்னொரு முறை சொன்னான். இந்த முறை கேட்டது. சபை முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. அன்றைக்கு அந்தக் குடிப் பிரசங்கத்துக்குத் தலையாட்டிய அதே தலைகள். யாரோ ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன். அண்ணி மட்டும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்குக் குழி வெட்டிய அன்று வராத கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் அவன் தோட்டத்துக்கு வந்தான். நான் வாசலில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி குழாயடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன். எப்போ திருப்புவீங்க?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க தம்பி. எல்லாம் நடந்து முடிஞ்சதா, இனிமே நடக்கப் போறதா?"

அவன் கிழக்குப் பக்கம் பார்த்தான். வரிசை வரிசையாகச் சிலுவைகள்.

"இனிமேதான்" என்றான்.

"குழி திறக்குமா?"

"திறக்கும்."

"அவர் வருவாரா?"

"வருவார்."

"நல்லது" என்று அவள் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அப்போ இன்னும் நேரம் இருக்கு. காத்திருங்க. நான் காத்திருந்தேன்ல."